துரைக்கு ஒரு லாயம்

மனைவிக்கு மாற்றல் வந்தால் வீடு பார்க்கலாம், பள்ளிக்கூடம் பார்க்கலாம், காஸ் இணைப்பை மாற்றலாம். குதிரைக்கு இடம் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது.

கெங்கவல்லியில் துரைக்கு ஒரு குறையும் இல்லை. பாக்குத்தோப்பு ஓரம் கீற்றுக் கொட்டகை, மக்காச்சோளத் தட்டு, ஊறவைத்த கொள்ளு, சுவேத நதியில் தண்ணீர் வருகிற மாதங்களில் குளியல். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் சுழி பார்த்து, பல்லைப் பார்த்து வாங்கிய உருப்படி. பக்கத்தில்தான் தம்மம்பட்டி; கோயில்களுக்கு மரத்தில் குதிரை வாகனம் செதுக்குகிற ஊர். அங்கிருந்து வந்த சிற்பி ஒருவர் துரையை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, “பரவாயில்லீங்க, காது மட்டும் கொஞ்சம் சின்னதாப் போயிருச்சு” என்றார். மரக்குதிரை செய்கிறவருக்கு உயிருள்ள குதிரையில் ஒரு திருத்தமாவது இருக்கத்தான் செய்யும்.

இந்த நிலையில்தான் மனைவிக்கு உடன்குடிக்கு மாற்றல் வந்தது. உடன்குடி என்றதும் எல்லோருக்கும் கருப்பட்டி நினைவுக்கு வரும். எனக்குத் தேரி நினைவுக்கு வந்தது. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழி, காயாமொழிப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கும் செம்மணல் காடு. முல்லையும் குறிஞ்சியும் திரிந்துதான் பாலை ஆகும் என்று பள்ளியில் படித்தோம். தேரி எதுவும் திரியாமல் தானாகவே சிவந்து கிடக்கிறது. மணல்துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு தந்த நிறம் அது. பனை, உடைமரம், வனத்துறை வைத்த முந்திரி ஆகியவை வேர்விட்டுப் பிடித்துவைத்த இடம் போக, மற்ற மணலை ஆனி ஆடியில் அடிக்கும் காற்று அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டும். அந்த ஊரில் மணலுக்கும் மாற்றல் உண்டு.

போனில் ஒரு வீட்டுத் தரகரைப் பிடித்தேன். “எங்களுக்கு இரண்டு அறை போதும். துரைக்குத்தான் கொஞ்சம் தாராளமா வேணும்” என்றேன். “கவலப்படாதிய அண்ணாச்சி, துரைக்குன்னே ஒரு ரூம் இருக்கு. மாடியில, தனி வாசல், அட்டாச்டு பாத்ரூம்” என்றார். துரை மாடி ஏறமாட்டார் என்றேன். வயசாளி என்று நினைத்துக்கொண்டு, மேலைநாட்டுக் கழிப்பறை வைத்த கீழ்வீடு ஒன்றைச் சொன்னார். துரைக்கு நாலு கால் என்று நான் விளக்கியபோது மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்கள் தாராளமானவர்கள். குதிரை என்று தெரிந்த பிறகும் இடம் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓடாத ரைஸ்மில் காட்டினார்கள், கல்யாண மண்டபத்தின் பின்கட்டு காட்டினார்கள். ஒருவர் கார் ஷெட்டைக் காட்டி, காருக்கு வாங்குகிற வாடகையே போதும் என்றார். ஒரு வீட்டுக்காரர் வழக்கமான கேள்வியில் தொடங்கினார்: “சைவமா, அசைவமா?” சுத்த சைவம் என்று அடித்துச் சொன்னேன். அடுத்து, சுழியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் ஜாதகத்தைக்கூட என் மாமனார் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

சைவம் என்று அடித்துச் சொன்னேனே, அதில் வரலாறு என் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு 1290-களில் மார்க்கோ போலோ வந்தார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து காயல் துறைமுகத்தில் குதிரை வந்து இறங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதிவைத்தார். ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்களாம். ஆண்டுக் கடைசியில் 100 உயிரோடு இருந்தால் அதிகமாம். கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லை, அப்படிப்பட்ட ஆள் இங்கே வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள் என்று காரணமும் சொல்கிறார். பின்னே, குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்று கணக்குத் தருகிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் போனதாம். இன்றைய இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் படித்தால் மயங்கி விழுவார்கள்.

மார்க்கோ போலோவின் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். அவரும் தேரி நாட்டுக்காரர்தான், இடையன்குடியில் குடியிருந்தவர். 1841-இல் சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே வந்து சேர்ந்ததால் அவருக்கு லாயக் கவலை இருந்திருக்காது.

பாலைவனத்தில் பிறந்த குதிரைகள் நம் ஊருக்கு வந்து ஆள் இல்லாமல் செத்தன. இப்போது நான் ஒன்றை, ஈரமண்ணில் வளர்ந்ததை, எதிர்த்திசையில் மணலுக்குக் கொண்டுபோகிறேன். இடம் தேடினால் ஆயிரம் கிடைக்கும், தேட வேண்டியது ஆளைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் குதிரைக்கு மரியாதைக்கா பஞ்சம்? ஐயனார் கோயில்தோறும் சுதைக்குதிரை நிற்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட்கூட அடிக்கிறார்கள். சாணி போடுகிற குதிரை என்றால்தான் பக்தி கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

எங்கள் கால்நடை மருத்துவர் பயணச் சான்றிதழை எழுதிக்கொண்டே பயமுறுத்தினார். மணல்தரையில் தீனி போட்டால் குதிரை மணலையும் சேர்த்து நக்கும். அது பெருங்குடலில் தங்கி, மூட்டை கட்டி, வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். சாணியை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து வைத்தால் மணல் அடியில் தங்கும், அதைப் பார்த்து நிலவரத்தைத் தெரிந்துகொள்ளலாம். தேவைப்பட்டால் நான் சொல்லும் அளவில் இசப்கோல் கொடுங்கள் என்றார். உடன்குடி மருந்துக்கடையில் இருந்த இசப்கோல் டப்பா அத்தனையும் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “வீட்ல யாருக்கு அண்ணாச்சி, ரொம்ப நாளாவா?” என்றார். துரைக்கு என்றேன். அனுதாபத்தோடு பத்து ரூபாய் குறைத்தார்.

வெயிலில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் குடிக்கிற பிராணி அது. கெங்கவல்லியிலேயே ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் உள்ளே போகும். ஆகவே கிணறு இருக்கிற பனந்தோப்புகளாகப் பார்த்து வந்தபோது, முன்பு குதிரைவண்டி ஓட்டிய பெரியவர் ஒருவரைக் கைகாட்டினார்கள். அவர் சுழி கேட்கவில்லை, அட்வான்ஸ் கேட்கவில்லை. துரையை ஏற்றிக்கொண்டு வந்து நின்ற லாரியில் ஏறி, அதன் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்த்தார். “தீனிய தரையில போடுதியளா, தொட்டியில வைக்கியளா?” என்றார். தொட்டியில் என்றேன். “அப்பம் சரி. தரையில போட்டா தேரி வயித்துக்குள்ள போயிரும்.” எழுநூறு வருடம் முன்னால் இவர் காயல் துறைமுகத்தில் நின்றிருந்தால் பாண்டியனுக்கு எவ்வளவு தினார் மிச்சமாகியிருக்கும்!

லாடம் இப்போதைக்கு வேண்டாம், ஆழமணலில் ஓடவிட்டால் தசைநார் போய்விடும், முதல் மாதம் நடைதான் என்று அவரே அட்டவணை போட்டார். வாடகைப் பேச்சு எடுத்தபோது மூன்று நிபந்தனை வைத்தார். சாணி அவருடைய முருங்கைக்கு. பேத்தியின் காதுகுத்துக்குத் துரை ஊர்வலம் வரவேண்டும். மூன்றாவதைச் சொல்லுமுன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வண்டி ஓட்டுன காலத்துல ஏறுனவன எல்லாம் துரை, துரைன்னு கூப்பிட்டு அலுத்துப்போச்சு. இனி எவனையும் அப்பிடிக் கூப்பிட மாட்டேன். இவனுக்கு ‘ஏல’ போதும்.”

ஒத்துக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை போய், வேலிக்கு வெளியே நின்று “துரை, துரை” என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். வாலைக்கூட ஆட்டுவதில்லை. பெரியவர் உள்ளே இருந்து “ஏல” என்று ஒரு சத்தம் போட்டால் போதும். குதிரை, அவருடைய பேரன்கள், பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும் இரண்டு பேர் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.