பாட்டில் கணக்கும் பங்குக் கணக்கும்

கோத்தகிரிக் கடைவீதியில் என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்த நாளில் தேனுக்கு லேபிள் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. விலையும் எங்கும் எழுதியிருக்காது. அது தாத்தாவின் வாயில் இருந்தது. சித்திரை, வைகாசியில் குறும்பர்களும் இருளர்களும் மண்ணெண்ணெய் டின்னில் மலைத்தேன் சுமந்து வருவார்கள். தாத்தா அதைப் பிராந்தி பாட்டிலில் அளந்து வாங்கிக்கொள்வார். முக்கால் லிட்டர் பாட்டில். நோட்டில் 'முக்கால்' என்று விழும். ஆனால் ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ எடை நிற்கும். அதனால் அதே பாட்டில் மேட்டுப்பாளையம் வியாபாரிக்குப் போகும்போது ஒரு கிலோவுக்கு மேலாகிவிடும். தாத்தா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். எங்கள் குடும்பத்தில் அடர்த்தி என்றால் என்னவென்று சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பி.எஸ்சி. இயற்பியல் படித்த நான் பரீட்சைக்காகப் படித்ததோடு சரி.

காசாகக் கொடுப்பது அபூர்வம். உப்பு, புகையிலை, போன பனிக்காலத்தில் கடனாகக் கொடுத்த கம்பளி எல்லாம் கழிந்து கையில் கொஞ்சம் சில்லறை விழும். அடையோடு வந்த மெழுகு 'கழிவு' என்று கடைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அந்தக் கழிவு தனி மூட்டையாகக் கோயம்புத்தூர் போகும். "பாவம், காட்டு ஜனங்க, நாம இல்லேன்னா இவங்களுக்கு யாரு?" என்பார் பாட்டி. மனசாரத்தான் சொல்வார்.

அந்தத் தேனை எப்படி எடுக்கிறார்கள் என்று கடையில் யாரும் கேட்டதில்லை. ராத்திரியில், செங்குத்துப் பாறையில், காட்டுக்கொடி ஏணியில் தொங்கி, புகை மூட்டி அடையை அறுக்கிற வேலை அது. மேலே நின்று கொடியைக் காப்பவர் மைத்துனராக இருப்பது குறும்பர் வழக்கம். சொந்தத் தங்கையைத் தாலியறுக்க விடமாட்டார் என்ற கணக்கு. தாத்தாவின் கணக்கைவிட இது நேர்மையான கணக்கு.

அவர்களைக் காப்பாற்ற முதலில் அரசு வந்தது. 1970களில் மலைவாழ் மக்களுக்கென்று 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. நான் பார்த்த ஒன்றில் பெயர்ப்பலகை, பீரோ, செயலாளர் எல்லாம் இருந்தன. சேகரித்துக்கொண்டு வந்தவர் மட்டும் அங்கேயும் கவுண்டருக்கு வெளியேதான் நின்றார். பிறகு கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் 1993இல் தொடங்கியது. தேன் எடுப்பவர்களைத் தேடித் தமிழ்நாடு முழுக்க அலைந்த இளைஞர்கள் கடைசியில் கோத்தகிரியிலேயே தங்கிவிட்டார்கள். தேன் வாங்க இன்னொரு கோஷ்டி வந்திருக்கிறது என்று கடைவீதியில் முகம் சுளித்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2013இல், அந்த வேலையிலிருந்து ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி பிறந்தது. பங்குதாரர்கள் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பழங்குடிகள். தேன், நெல்லி, கடுக்காய், சீயக்காய் என்று சரக்கு. கம்பெனிச் சட்டத்தில் பதிவு என்றாலும் நடப்பு கூட்டுறவுதான்: எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

கம்பெனி என்றால் காகிதம். இயக்குநராக ஒருவர் உட்கார பான் கார்டு வேண்டும், அடையாள எண் வேண்டும், டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். தாத்தாவின் நோட்டில் கட்டைவிரல் உருட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வரவு செலவு அறிக்கையை ஏற்பதற்குக் கை தூக்குகிறார்கள். இயக்குநரின் உறவுக்காரருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் சபையில் சொல்லிவிடு என்கிறது கம்பெனிச் சட்டம். பாறையின் சட்டமோ, உறவுக்காரர் இல்லாமல் இறங்கவே இறங்காதே என்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க எங்கள் சாதிசனத்தால் ஆகாது.

அதே 2013இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமாயிற்று. காட்டை நம்பி ஒரு கம்பெனி பதிவான வருஷத்தில், பக்கத்துக் காடு புலியின் பேருக்கு எழுதப்பட்டது! தேனும் மெழுகும் சேகரிப்பவருக்கே சொந்தம் என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2008 முதல் முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆக, கம்பெனி முதலில் வந்தது. தேன் யாருடையது என்ற காகிதம் நிதானமாகப் பின்னால் வந்தது.

இடையில் நான் போர்ட் பிளேரில் வாத்தியார் உத்தியோகத்தில் இருந்தேன். அங்கே எல்லாம் தலைகீழ். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி ஜாரவாக்களின் காட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது, அவர்களிடம் வியாபாரமும் செய்யக் கூடாது. சங்கம், கம்பெனி என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது தடுத்தது கம்பெனியை; தாத்தாவைத் தடுக்க முடியவில்லை. காட்டைக் கிழித்துக்கொண்டு அந்தமான் நெடுஞ்சாலை ஓட, 1990களின் கடைசியில் ஜாரவாக்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். புகையிலைக்கும் பாக்குக்கும் தேனும் நண்டும் கைமாறுவதாகப் பத்திரிகைகள் எழுதின. படித்தபோது எனக்கு எங்கள் கடையின் வாசனை அடித்தது.

லிட்டில் அந்தமானின் ஓங்கேக்கள் தேனெடுக்கப் புகையே போடுவதில்லை. ஒரு செடியின் தழையை மென்று உடம்பில் பூசிக்கொண்டு, அடைமேல் சாற்றை ஊதுவார்கள், மலைத்தேனீ ஒதுங்கிவிடும். 1980களில் விஞ்ஞானிகள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். நல்லவேளை, தாத்தா அங்கே கடை போடவில்லை. தழையையும் பாட்டிலில் அளந்திருப்பார்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பினால், தேனைச் சோதிப்பதும் மாறியிருந்தது. தேனில் முக்கிய தீக்குச்சி பற்றிக்கொண்டால் சுத்தம், நாய் நக்காவிட்டால் அசல் என்பது பாட்டியின் ஆய்வுக்கூடம். எங்கள் வீட்டு நாய் எதை வைத்தாலும் நக்கும்; அதனால் முடிவுகள் எப்போதும் எங்களுக்குப் பாதகமாகவே வந்தன. இப்போது ஒரு சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டு ஈரப்பதம் பார்க்கிறார்கள். விதிப்படி 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலைத்தேன் பிறவியிலேயே இளகல். மழை சேர்ந்தால் கோட்டைத் தாண்டப் பார்க்கும். தேனீயிடம் விதியை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதே சமயம், 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களை ஜெர்மனியில் சோதித்துப் பார்த்ததில் 10 தேறவில்லை. சர்க்கரைப் பாகோ நம் ஊர்ச் சோதனைகளில் நல்ல மார்க் வாங்கும்படி தயாராகிறதாம். அடுத்த வருஷமே ஆதிமலைக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. கடைவீதியில் முகம் சுளித்தவர்களின் பிள்ளைகள் அந்தச் செய்தியை எனக்குப் பெருமையாக அனுப்பினார்கள்.

சந்தையில் பார்த்த ஒரு இருளப் பெரியவருக்கு எங்கள் கடை நினைவிருந்தது. "அப்ப நீங்க அளப்பீங்க, நாங்க பார்த்துட்டு நிப்போம். இப்ப எங்க புள்ளைகளே எடை போடுது," என்றார். சற்று யோசித்து, "அதுகளும் கறார்தான் சாமி, தேன்ல தண்ணி கூடன்னு திருப்பி அனுப்புது," என்று சிரித்தார்.

போன மாதம் தேன் வாங்கப் போனபோது, கல்லாவில் இருந்த பெண்ணிடம் எனக்கும் ஒரு பங்கு கிடைக்குமா என்று விசாரித்தேன்.

"பொருள் சேகரிக்கிறவங்க மட்டும்தான் மெம்பர் ஆக முடியும் சார். நீங்க காட்டுல என்ன எடுப்பீங்க?"

எங்கள் குடும்பம் என்ன எடுத்தது என்று விவரிக்கப் பின்னால் வரிசை நின்றது. அரை கிலோ வாங்கினேன். லேபிளில் எடை கிராமில் அச்சாகியிருந்தது.