மொட்டைமாடிப் பட்டறை

ஓய்வு பெற்ற அதிகாரி தச்சுவேலையில் இறங்கினால் முதலில் செய்வது இழைப்புளி வைக்க ஓர் அலமாரி. அடுத்து, உளிகளுக்கு ஒன்று. உட்கார நாற்காலி மட்டும் கடையிலிருந்து வரும்.

இதோடு நின்றால் பரவாயில்லை. வீட்டில் பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று இருந்து தொலைக்கும். அதற்கு மேளம் கட்டுவது என்றால், தேன்மெழுகில் கரி சேர்த்துப் படியவைத்து, 24 மெட்டுகளையும் அதில் பதிப்பது. அளவுகோல் காதுதான்: மீட்டிப் பார்த்து, மயிரிழை நகர்த்தி, சுருதி சேர்ந்தபின் அழுத்த வேண்டும். நம்மவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சம இடைவெளியில் பதித்துவிட்டார். குதிரைப் பக்கம் போகப் போக மெட்டுகள் நெருங்க வேண்டும் என்பது அவருக்கு ஒழுங்கீனமாகப் பட்டதாம். பார்வைக்கு ரயில் தண்டவாளம் மாதிரி அழகு. மாயாமாளவகௌளைதான் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று தெரியவில்லை.

“ஏன்னா, அருவாமணைப் பலகை ஆடறது. ஒரு ஆணி அடிச்சுத் தாங்கோளேன்” என்றார் மாமி.

“அதுக்கெல்லாம் ஆசாரியைக் கூப்பிடு.”