சம்பளமில்லாத மாநாடு

அன்புள்ள மாமாவுக்கு,

ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு இந்த வருடமும் வசூல் நோட்டு உங்கள் கையில்தான் என்று அம்மா சொன்னாள். அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

நம் ஊரிலிருந்து குயிலாப்பாளையம் போகிற ரோட்டில், மூன்று பந்தை எறிந்து பிடித்துக்கொண்டே போகும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து ‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்பீர்களே, அவர்களுக்கு இங்கே மாநாடே நடக்கிறது மாமா. பிரிட்டிஷ் ஜக்லிங் கன்வென்ஷன். 1988இல் லண்டனில் ஆரம்பித்தது. இப்போது வருடத்துக்கு ஓர் ஊர். ஐரோப்பா முழுமைக்குமான மாநாடு அதற்குப் பத்து வருடம் மூத்தது. 1978இல் பிரைட்டனில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தொடங்கியது, இன்று ஆயிரக்கணக்கில் கூடாரம் அடிக்கிறார்கள்.

வேடிக்கை பார்க்கக் காசு கொடுத்து உள்ளே போனேன். வாசலிலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். மரக்காணத்தில் உப்பு வாரினால்கூடக் கூலி உண்டு. இங்கே டிக்கெட்டும் வாங்கி, வேலையும் செய்ய வேண்டும். எனக்கு வந்தது, வருகிறவர்கள் கையில் காகிதப்பட்டை கட்டுகிற வேலை. காப்பு கட்டுகிற பூசாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம், தீப்பந்தம் சுழற்றுகிற மைதானத்தில் ஈரத்துணியோடு காவல் நிற்க ஆள் தேடினார்கள். தீமிதி பார்த்து வளர்ந்தவன் என்று வாயை விட்டேன், அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பந்து எறிந்து பழகுகிற கூடத்தை இரவிலும் பூட்டுவதில்லை. வருகிறவர்களில் பலர் கணக்கு, கம்ப்யூட்டர் படித்தவர்கள். எறிகிற வித்தையை எண்ணாலேயே எழுதுகிறார்கள். ‘531’ என்றால் முதல் பந்து உயரம், அடுத்தது நடுத்தரம், கடைசியை மறுகைக்கு நேரே தள்ள வேண்டும். மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மூன்று வருகிறதல்லவா, அதுதான் பந்துகளின் எண்ணிக்கை. 1980களில் கேம்பிரிட்ஜிலும் கலிபோர்னியாவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்களாம். உங்கள் வசூல் நோட்டில் கணக்கு என்றைக்காவது இப்படி நேராக வந்திருக்கிறதா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆளுக்கு மூன்று கட்டையை எறிந்துகொண்டே அடுத்தவன் கட்டையைத் தட்டிவிடும் போட்டி ஒன்று உண்டு. கடைசிவரை கீழே போடாதவன் ஜெயித்தான். உள்ளாட்சித் தேர்தல் பார்த்த நமக்கு அதில் புதுசாக ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று கேளுங்கள். ஒரு பெரியவர் என் ஊரைக் கேட்டுவிட்டு, ‘ராமோ சாமி ஊர்ப்பக்கமா?’ என்றார். யாரென்று தெரியாமல் விழித்தேன். 1810களில் மதராஸ் பக்கமிருந்து கப்பலேறி வந்து, வாள் விழுங்கியும் பந்து எறிந்தும் லண்டனையே வாய்பிளக்க வைத்தவராம். பெயரைப் பார்த்தால் நம்ம ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். நான்கு பித்தளைப் பந்து எறியும் இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஹாஸ்லிட் என்ற பெரிய எழுத்தாளர் எழுதிய கட்டுரை 1821இல் புத்தகத்தில் வந்திருக்கிறது. அவ்வளவு பேர் வாங்கியும், 1850இல் ராமோ சாமி இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. வித்தையை வயிற்றுக்காகச் செய்தவர் கதை அது. இங்கே வருகிறவர்களில் பலருக்கு வயிற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. சம்பளமில்லாமல் கக்கூஸ் கழுவினாலும் சிரிப்பு மாறாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நோட்டீசில் யார் பேர் முதலில் வருவது என்று இவர்களுக்குள் சண்டை இல்லை. நம் விழாக்குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்லாமல்.

இங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் யாரானாலும் பெயரும் நேரமும் எழுதி வகுப்பு எடுக்கலாம். நம் பாட்டி திண்ணையில் அம்மானை ஆடுவார் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அடுத்த ஏப்ரலில் அழைத்து வரச்சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டிக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போடுங்கள் மாமா. சம்பளம் கிடையாது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்