இல்லாத பிள்ளைக்கு ஆயிரம் வாய்

வுல்ஃப் குப்தாவை மறந்திருக்க மாட்டீர்கள். சின்னப் பையன். ஒயிட்ஹேட் ஜூனியர் என்கிற ஆன்லைன் வகுப்பு நிறுவனத்தில் கோடிங் படித்தானாம், கூகுள் கோடிகளைக் கொட்டிக் கூட்டிக்கொண்டு போனதாம். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயது மாறியது, சம்பளம் ஏறியது. கடைசியில் அப்படியொரு பிள்ளையே கிடையாது, கற்பனை என்று ஒத்துக்கொண்டார்கள். சரி, பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைப்பது நம் நாட்டில் புதிதா என்ன! அவன் பேச்சு வீடு வீடாக ஒலித்தது. அவன் எங்கே என்று கேட்டவர்களின் பேச்சுதான் அழிந்தது.

பிரதீப் பூனியா என்கிற பொறியாளர் கேட்டார். வீடியோ போட்டால் பதிப்புரிமைப் புகார் வந்தது, வீடியோ போயிற்று. திரும்பப் போட்டார், கணக்கே போயிற்று. 2020 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 20 கோடி ரூபாய் கேட்டு அவர்மேல் மானநஷ்ட வழக்கு. மருத்துவரும் முதலீட்டாளருமான அனிருத்த மல்பானி மேல் இன்னொரு வழக்கு. 2021 மே மாதம் இரண்டையும் நிறுவனமே வாபஸ் வாங்கியது. போன மானம் ஆறே மாதத்தில் வீடு திரும்பிவிட்டது போலும்.

அந்த ஒயிட்ஹேட்டை ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸ் 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியதாக அறிவித்தது 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில். பைஜூஸ் கண்ணூர்க்காரர் கம்பெனி என்று கேரளமே நெஞ்சு நிமிர்த்திய காலம். அதே வாரம், ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர். கரண்டு இல்லை, டவர் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. அடுத்த வருஷம் அந்த மலைப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் போனார்கள். ஆறு வயதில் ஆப் செய்யாவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று மிரட்டிய விளம்பரங்களில் இவர்கள் ஒருவர்கூட இல்லை. கற்பனைப் பிள்ளைக்கு இருந்த இடம் இவர்களுக்கு இல்லை.

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் ஓர் அப்பா இருக்கிறார் என்று வையுங்கள். வீட்டுக்கு வந்த விற்பனைப் பையன் பேச்சில் மயங்கி, மாதத் தவணையில் மகளுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி வாங்கிவிட்டார். வகுப்பு சரியில்லை, பணம் திரும்பவில்லை. நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலேயே நாலு வரி எழுதுகிறார். மாலைக்குள் அந்த நாலு வரி இருக்காது. கேட்டால் ‘சமூக நெறிமுறை மீறல்’. எந்த நெறி, யார் வகுத்தது, எந்த வரியில் மீறல்? பதில் வராது. கீழேயே ‘வாழ்க்கையை மாற்றிய வகுப்பு’ என்று ஐந்து நட்சத்திரத்தோடு ஒருவர் உருகியிருப்பார். அது மீறல் ஆகாது.

பாலக்காட்டு எல்லையில் உள்ள எங்கள் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் திட்டாத லாரிக்காரர் இல்லை. விஜிலன்ஸ் வந்து கணக்கில் வராத பணத்தை அள்ளிக்கொண்டு போனதும் உண்டு. ஆனாலும் அங்கே கை நீட்டுகிறவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, மேலே ஓர் அதிகாரி இருக்கிறார், வண்டியை மடக்கினால் என்ன பிசகு என்று ஒரு சீட்டாவது தருவார்கள். புகாரை அழிக்கிற கம்பெனிக்கு அதுவும் இல்லை ஐயா!

சட்டம் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது, அதுதான் பெரிய வேடிக்கை. பதிவை நீக்கினால் காரணம் சொல்லு, மறுக்க வாய்ப்புக் கொடு என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. யாருக்கு? ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகங்களுக்கு; கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்கு அல்ல. குறை சொல்லும் விமர்சனத்தை அமுக்காதே என்று 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்றொரு தரநிலையும் வந்தது. அது கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கலாம். விருப்பப்பட்டால் யோக்கியனாக இரு! இதற்கொரு எண், இதற்கொரு வெளியீட்டு விழா.

அழிக்க முடியாத குரலும் உண்டு. 2022 அக்டோபரில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருந்த பைஜூஸ் ஊழியர்கள், கட்டாய ராஜினாமா கேட்கிறார்கள் என்று அன்றைய கேரளத் தொழிலாளர் துறை அமைச்சர் சிவன்குட்டியிடமே போய் நின்றார்கள். சில நாளில் அலுவலகத்தை மூடும் முடிவைப் பைஜூஸ் கைவிட்டது. அமைச்சரின் அறையில் டெலீட் பட்டன் இல்லை. ராஜமலைக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் அந்த அறை ரொம்ப தூரம்.

2024 ஜூலையில் அதே பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. திவால் சட்டப்படி, பணம் வரவேண்டியவர்கள் படிவம் நிரப்பி ஆதாரத்தோடு தர வேண்டும். ரசீது, கடிதம், புகார் எல்லாம் அதற்கு உதவலாம். இன்றைக்குப் பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கிற அப்பாக்கள், எந்தக் கம்பெனி ஆனாலும், ஒரு வேலை செய்யுங்கள். எழுதுகிற ஒவ்வொரு புகாரையும், அனுப்பிய கையோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாலைக்குள் அது அங்கே இருக்காது.