மிக்சி ஜார் அலசிய தண்ணீர்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் மிக்சி ஜாரில் அரைபட்டு, கரண்டியால் வழிக்கப்பட்டு, குழம்புச் சட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஜாரின் சுவரிலும் பிளேடுக்கு அடியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதை என்ன செய்வது? இதுவே ஆய்வுச் சிக்கல். கழுவும் தொட்டிக்கு அனுப்புவது ஒரு முடிவு. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதையும் குழம்பிலேயே சேர்ப்பது மற்றொரு முடிவு. இக்கட்டுரை இரண்டாம் முடிவின் பக்கம் வெளிப்படையாகவே நிற்கிறது. நடுநிலை ஆய்வாளருக்கு அழகுதான். தேங்காய் விற்கும் விலையில் அது கட்டுப்படியாகாது.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை நிலைமை கவலைக்குரியது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நம் வீட்டு மிக்சிகளுக்கு மூத்தது. அதில் ஜாரைத் தேடுவது நியாயமில்லை. பின்னால் வந்த சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ‘தேவையான அளவு தண்ணீர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையே எழுப்புவதில்லை. ஆறுதல் தருவது யூடியூப்தான். கேமரா முன்னால் எவ்வளவு நாகரிகமாகப் பேசுகிறவர்களும் அந்தக் கட்டம் வந்ததும் குரலைச் சற்றுத் தணித்து, “மிக்சி ஜார் கழுவின தண்ணியையும் ஊத்திக்கலாம்” என்கிறார்கள். ஏட்டில் ஏறாத ஒரு மரபு இப்படி வாய்மொழியாகவே உயிர்த்திருக்கிறது.

ஆய்வுக் களம், தேனி மாவட்டத்தில் லோயர்கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை. இந்தக் களத்தைத் தேர்ந்த காரணம் பின்னால் வரும். ஆய்வு முறை, பங்கேற்று நோக்கல்; அதாவது சித்தி, பெரியம்மா, மதினி வீடுகளில் காப்பி டம்ளரோடு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றது. எத்தனை வீடுகள் என்று சொன்னால் எந்த மதினி வீடு விடுபட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே மாதிரி அளவு வெளியிடப்படவில்லை.

வரலாறு அம்மியில் தொடங்குகிறது. அம்மியில் அரைத்தவர்கள் மசாலாவை உள்ளங்கை ஓரத்தால் வழித்து உருட்டி எடுத்துவிட்டு, கல்லின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, குழவியையும் கழுவி, அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் குழம்பில் ஊற்றினார்கள். ஆட்டுக்கல்லுக்கும் அதே நடைமுறை. மாவுச் சட்டியில் கடைசியாக விழுந்தது குழி கழுவிய தண்ணீர். ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு போன குரல் இருந்த தெருவில் இப்போது மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு ரிப்பேர் என்று ஒலிபெருக்கி கட்டிய பைக் போகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும், அதுவரை மிக்சி பார்க்காத வீடுகளிலும் அது ஏறி உட்கார்ந்தது. அப்போது எழுந்திருக்க வேண்டிய ஐயம் இது: சும்மா வந்த இயந்திரத்தில் அரைத்த மசாலாவுக்குச் சிக்கனம் எதற்கு? கள ஆய்வில் இந்த ஐயம் ஒருவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. மிக்சி இலவசம், தேங்காய் இலவசம் இல்லை. அம்மிக்குப் பிடித்த அதே கிண்ணத் தண்ணீர் ஜாருக்குள் போயிற்று, அவ்வளவுதான். வசதி வந்தால் பழைய சிக்கனம் தானாக ஒழியும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை கம்பத்தில் எந்த வீட்டுக்காவது மத்தியானச் சாப்பாட்டுக்கு வர வேண்டும்.

இனி இயற்பியல். இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க முடியாது. அரைத்த விழுது ஜார் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. படலத்தின் கனம் பெரிய ஜாரிலும் சின்ன ஜாரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சின்ன ஜாரில் விழுது குறைவு, அதோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்போ அதிகம். ஆகவே சட்னி ஜாரில் விகிதப்படி நட்டம் கூடுதல். அலச வேண்டிய கடமையும் கூடுதல். பிளேடுக்கு அடியில் இருக்கும் இடுக்கு தனி உலகம். கரண்டி போகாது, விரல் போகக் கூடாது, தண்ணீர் மட்டுமே போகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் மார்கழி விடியலில், மேகமலைக் காற்று இறங்கும் நேரத்தில், பச்சைத் தண்ணீரால் அலசினால் பாதி கொழுப்பு எவர்சில்வரிலேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரே உசிதம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி போட்டு ஓட்டக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கிவிடும்; விழுது சட்டிக்குப் போகாமல் சுவருக்குப் போகும்.

கையால் குலுக்குவதா, மிக்சியிலேயே ‘ஒரு சுத்து’ விடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கரண்ட் செலவு என்று குலுக்கல் கட்சியினர் வாதிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 550 வாட் மிக்சியை ஐந்து விநாடி ஓட்டினால் ஒரு யூனிட்டில் சுமார் 1,300 முறை அலசலாம். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் குலுக்கல் கட்சியின் வாதம் நிற்காது. இருந்தும் அவர்கள் குலுக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கை ஓடும்போது கரண்டை எதற்கு ஓட்டுவது என்பது அவர்கள் பதில். இதற்கு அறிவியலில் மறுப்பு இல்லை.

அடுத்து, எத்தனை தண்ணி என்பது. முதல் தண்ணி குழம்புக்கு என்பதில் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே கருத்து. இரண்டாந் தண்ணியில்தான் குடும்பங்கள் பிரிகின்றன.

“ஏத்தா, ஜாரை அலசுனியா?”

“அலசி ஊத்திட்டேன் அத்தை.”

“ரெண்டாந் தண்ணி?”

பதில் வராது. வராத அந்தப் பதிலைத்தான் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாந் தண்ணியும் குழம்புக்கே என்பது மாமியார் மரபு. குழம்பு நீர்த்துப்போகும் என்பது மருமகள் மரபு. இன்றைய மருமகள் மரபினர் நாளை மாமியார் மரபுக்குத் தாவுவதும் களத்தில் கண்டதே. தத்துவ உலகில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் மதமாற்றம் குறைவு. வைகை அணை ஜிலேபி மீன் குழம்பானால் இரு தரப்பும் சமாதானமாகிவிடும். மீன் குழம்பு வற்றக் கொதிக்க வேண்டியது, கூடுதல் தண்ணீரைத் தாங்கும். மூன்றாந் தண்ணி கறிவேப்பிலைச் செடிக்கு. மாடு இருக்கிற வீட்டில் கழனித் தொட்டிக்கு.

இதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கும் நகரத்து உறவினர்கள் கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ விடியலில் எழுந்து பார்க்கட்டும். கேரள ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் இருட்டோடு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு பாதைகளில் ஏறுகின்றன. அதற்கு முன்பே சோறு வடித்து, குழம்பு கூட்டி, தூக்குவாளியில் அடைத்தாக வேண்டும். மிக்சி இல்லாவிட்டால் அந்த வேலை முடியாது. அரை மூடித் தேங்காயில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குழம்பு வர வேண்டுமென்றால் ஜாரை அலசாமலும் முடியாது. அவசரமும் சிக்கனமும் அங்கே ஒரே ஐந்து நிமிடத்துக்குள் நடக்கின்றன; எது நவீனம், எது பழமை என்று பிரித்துப் பார்க்க ஜீப் நிற்காது.

களத் தேர்வின் காரணத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது பெரியாறு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, வீணே போகிற அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. 1886இல் ஒப்பந்தம், 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறப்பு. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அணை, மலையைக் குடைந்த சுரங்கம், தலைமை ஏற்ற பொறியாளர் பென்னிகுவிக். அவர் பிறந்த ஜனவரி 15இல் இங்கே அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. கொட்டிப் போக இருந்ததை வழித்து நம் சட்டியில் ஊற்றியவருக்கு இந்த மரியாதை பொருத்தமே. பெரிய ஜார், பெரிய அலசல்.

திரும்பிய தண்ணீரை நம் ஆட்கள் நடத்தும் விதமும் கவனத்துக்குரியது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே வரும் நீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப்பில் மின்சாரம் கொடுக்கிறது. இது முதல் தண்ணி. அதே நீர் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. இது இரண்டாந் தண்ணி. மிச்சம் வைகையில் கலந்து, 1959இல் திறந்த வைகை அணையில் தேங்கி, அங்கேயும் ஒரு மின் நிலையத்தைச் சுற்றிவிட்டு மதுரைச் சீமைக்குப் போகிறது. இது மூன்றாந் தண்ணி. லோயர்கேம்ப் மின்சாரம் தொகுப்பில் கலந்துவிடுவதால் அதுதான் கம்பத்து மிக்சியைச் சுற்றுகிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆய்வு நெறி கருதி இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றவில்லை என்று யாராலும் நிரூபிக்கவும் முடியாது.

முடிவுகள் இவை. ஜார் அலசிய முதல் தண்ணி குழம்பின் உறுப்பு, கழிவு அன்று. இரண்டாந் தண்ணி குறித்து நீதிமன்றம் போக வேண்டியதில்லை, குழம்பின் பதம் பார்த்து அத்தை தீர்ப்பளிக்கலாம். சமையல் குறிப்பு எழுதுவோர் இனி ‘தேவையான பொருட்கள்’ பட்டியலிலேயே ‘ஜார் அலசிய தண்ணீர், அரை டம்ளர்’ என்று அச்சிட வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜாரின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தெரிந்தால் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அடுத்த முறை ரிப்பேர் பைக் தெருவுக்குள் வரும்போது நிறுத்தி மாற்றிவிடுங்கள்.