உட்கார்தலின் இலக்கணம்: மாற்றுக் கீப்பர் பற்றி ஓர் ஆய்வு

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்காவில் இறங்கி, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துச் சேப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் மஞ்சள் சட்டை அறிஞர்கள் விவாதித்து, இன்றுவரை முடிவு காணாத சிக்கல் ஒன்று உண்டு. தோனி இருக்கிற அணியில் இன்னொரு விக்கெட் கீப்பர் எதற்கு?

ஆய்வுப்பொருள் கோவைக்காரரான என். ஜெகதீசன். 2018 ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சத்துக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. 2022 வரை அணியில் இருந்தார். ஆடியவை 7 ஆட்டங்கள். 2019இல் தோனி இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை, இரண்டிலும் சென்னை தோற்றது. அப்போதுகூடக் கையுறை இவரிடம் வரவில்லை என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

இதற்கு உரை கண்டோர் அதே ரயிலில் தாம் ஏறும் நிலையத்தால் அறியப்படுவர். அவர்களுள் சானடோரியத்தார் மூத்தவர்கள். இவர்கள் காட்டும் சான்று அசைக்க முடியாதது. ஜெகதீசன் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஆண்டுகள் மூன்று: 2018இல் கோப்பை, 2019இல் ஒரே ரன்னில் நழுவிய இறுதியாட்டம், 2021இல் மறுபடி கோப்பை. அவரை இறக்கிய ஆண்டுகள் இரண்டு: 2020இல் ஏழாம் இடம், 2022இல் ஒன்பதாம் இடம். “அவன் உக்காந்தா கப்பு மச்சி, எழுந்தா ஆப்பு!” ஆகவே மாற்று வீரரின் மதிப்பு அவர் உட்காரும் உறுதியில் இருக்கிறது என்மனார் இவர்.

குரோம்பேட்டையார் இதை மறுப்பர். தலைவலி வந்ததால் மாத்திரை போட்டானா, மாத்திரை போட்டதால் தலைவலி வந்ததா என்பது அவர்கள் வாதம். அணி மூழ்கிய பிறகுதானே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்? வாதம் சரிதான். ஆனால் கடைசி ஓவரில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்று வீட்டாரை மிரட்டுகிறவர்களும் இவர்கள்தாம் என்பதால், காரண காரிய விளக்கம் இவர்கள் வாயில் அவ்வளவாக எடுபடுவதில்லை.

பல்லாவரத்தாருக்குத் தத்துவம் கிடையாது, ஒரே புலம்பல்தான். “சான்ஸே குடுக்கலியேடா!” இவர்கள் பக்கம் வலுத்தது 2022 நவம்பரில். 15ஆம் தேதி சென்னை அணி அவரை விடுவித்தது. 21ஆம் தேதி பெங்களூரில், விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக, 141 பந்தில் 277 அடித்தார். ‘லிஸ்ட் ஏ’ எனப்படும் ஐம்பது ஓவர் ஆட்டங்களில் அதுவரை உலகில் எவரும் அவ்வளவு அடித்ததில்லை. அது அவருக்குத் தொடர்ந்து ஐந்தாவது சதம். தமிழ்நாடு 506, எதிரணி 71. அன்று மாலை பல்லாவரத்தாரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாயில்லை. “அருணாசலம்தானே” என்று இழுத்த சானடோரியத்தாரைத் தவிர. அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா 90 லட்சத்துக்கு எடுத்தது. பெஞ்சில் இருப்பவரையும் பாதியில் இறக்கலாம் என்ற ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வந்தது 2023இல். அவர் சென்னையை விட்டுப் போன பின்பு.

மூன்று தரப்புமே தோனியின் மதிப்பைத்தான் அளக்கின்றன, ஜெகதீசனின் மதிப்பை அல்ல என்பது இக்கட்டுரையாளர் துணிபு. தோனி இல்லாத இடத்தில் சோதித்தால் தெரிந்துவிடும் என்று கருதியிருந்த வேளையில், 2025 ஜூலையில் அதற்கும் வழி பிறந்தது. மான்செஸ்டரில் ரிஷப் பந்துக்குக் காலில் அடிபட, இந்திய டெஸ்ட் அணிக்கு ஜெகதீசன் அழைக்கப்பட்டார். அடுத்து நடந்த ஓவல் டெஸ்டில் கீப்பிங் செய்தவர் துருவ் ஜுரல். ஜெகதீசன் பெஞ்சில் இருந்தார். இந்தியா 6 ரன்னில் வென்றது.