புள்ளி தெரியும் தூரம்: புதிய மானிட்டரில் எழுத்து விளங்குவது குறித்து ஓர் ஆராய்ச்சி

புதிய மானிட்டர் வாங்கியவர் முதலில் அதன் படத்தை வியக்கிறார். அடுத்து நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். முதல் செயலைப் பற்றி விளம்பரங்கள் வேண்டிய மட்டும் பேசிவிட்டன. இரண்டாவதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விலை கூடக் கூட எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் பொருள் வீட்டில் இது ஒன்றுதான், காப்பீட்டுப் பத்திரம் நீங்கலாக. எழுத்து தெரியவில்லை என்றதும் கண்மீதும் கண்ணாடிமீதும், கூடத்து விளக்குமீதும் தயாரித்த கம்பெனிமீதும் பழி மாறி மாறி விழுகிறது. பழி இவற்றில் எதன்மீதும் நிற்காது என்பதும், திரை சரியாக அமைந்ததா என்று காணத் தமிழ் படிப்போருக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு என்பதும், அது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியே என்பதும் இங்கு நிறுவப்படும். வழக்கமாக உட்காரும் இடத்தில், முதுகை நாற்காலியில் சாய்த்தபடி புள்ளி தெரிந்தால் அமைப்பு சரி. தெரியாவிட்டால் மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தும் அது படம் பார்க்கும் பெட்டியே.

முதலில் கணக்கு. பல அலுவலகங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் 24 அங்குலத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்கள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 92. அதன் இடத்துக்கு வரும் 27 அங்குல 4கே திரையில் 3840க்கு 2160, அங்குலத்துக்கு 163. கணினிக்கு மில்லிமீட்டர் தெரியாது, பிக்சல்தான் தெரியும். இணைய உலாவிகள் வழக்கமாகத் தரும் 16 பிக்சல் எழுத்து பழைய திரையில் 4.4 மில்லிமீட்டர் உயரத்தைப் பிடித்தது. எதையும் மாற்றாமல் விட்டால் புதிய திரையில் அதே எழுத்து 2.5 மில்லிமீட்டர். திரை மூன்று அங்குலம் வளர, எழுத்து பாதியை நெருங்கிவிட்டது. அந்த 2.5கூட எழுத்துக்கென ஒதுக்கிய முழு உயரம். எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதிதான், தலைக்கு மேலே நிற்கும் புள்ளிக்கு என்ன மிஞ்சும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு மருந்து செட்டிங்ஸிலேயே இருக்கிறது. விண்டோஸில் டிஸ்பிளே என்ற பகுதிக்குள் போனால் ஸ்கேல் என்ற இடத்தில் 100, 125, 150, 175 என்று வரிசையாக எண்கள் நிற்கும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க நோய் ஏன் தீரவில்லை என்பதே ஆராயத்தக்க கேள்வி. விடை 100 என்ற எண்ணில் இருக்கிறது. நூற்றுக்கு நூறு என்பதை வாழ்வின் எல்லையாகக் கருதி வளர்ந்த மக்கள், அதைத் தாண்டுவதை ஏதோ சலுகை கேட்பதுபோல உணர்கிறார்கள். 125 வரை கௌரவத்துக்குக் குறைவில்லை. 150 என்பது வயதுச் சான்றிதழ். உண்மையில் அந்த 100க்கு எந்தப் புனிதமும் கிடையாது. 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷ் அங்குலத்துக்கு 72 பிக்சல் வைத்திருந்தது, அச்சுத்தொழிலில் அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்ற கணக்கோடு அது ஒத்துப்போகும் என்பதால். மைக்ரோசாஃப்ட், திரை காகிதத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் இருக்கும் என்று கொண்டு 72ஐ 96 ஆக்கியது. ஆக, 100 விழுக்காடு என்று இன்று நாம் மதிக்கும் அளவு, அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையையும் யாரோ ஒருவர் நாற்காலி போட்ட தூரத்தையும் சேர்த்துக் கணித்தது. 27 அங்குல 4கே திரைக்கு விண்டோஸே 150ஐப் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையைத் தலைமேல் கொண்டாலும் நமது 16 பிக்சல் எழுத்து 3.7 மில்லிமீட்டர்தான் ஆகும். பழைய திரையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு இன்னும் பாக்கி. அதை வசூலிக்க 175க்குப் போக வேண்டும். பரிந்துரையோடு நின்றவர் புதுத் திரைக்குப் பணமும் கொடுத்து எழுத்திலும் ஆறில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர் ஆகிறார்.

இவ்விடத்தில் கண் மருத்துவர் குறுக்கிடலாம். டச்சுக்காரரான ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் அமைத்த அட்டையின்படி, குறையற்ற கண் ஐந்து பாகைத்துளி கோணத்தில் தெரியும் எழுத்தைப் படித்துவிட வேண்டும். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.87 மில்லிமீட்டர்தான். அப்படியிருக்க 2.5 என்பது தாராளம் அல்லவா என்பது அவர் தடை. அது பொருந்தாது. அட்டையில் இருப்பது பார்வையின் விளிம்பு. அங்கே சில எழுத்துகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டு எழுந்துவிடலாம், நாற்பது பக்கக் கோப்பை அந்த விளிம்பில் உட்கார்ந்து படிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, அந்த அட்டை ஆங்கில ‘ஈ’ எழுத்தின் குணத்தை வைத்து அமைந்தது என்பது: மூன்று கோடு, இடையில் இரண்டு வெளி, ஆக ஐந்து அடுக்கு. நமது ண ஐந்து அடுக்கில் அடங்கும் எழுத்தா? சுழியைப் போட்டு, வளைத்து, மறுபடி வளைத்து, கோட்டை இறக்குவதற்குள் ஐந்து தீர்ந்துவிடும். பிறகு அதை ன என்றுதான் படிக்க முடியும். தமிழில் எழுத்துக்கு எழுத்து உள்ள வேற்றுமை பெரும்பாலும் உடம்பில் இல்லை, ஓரங்களில் இருக்கிறது. கி, கீ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. கெ, கே இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலை மட்டுமே. ‘பிடி’ என்பது ‘பீடி’ ஆக ஒரு வளைவு போதும். இந்த ஓர உறுப்புகளிலெல்லாம் சிறியது புள்ளி. மிகச் சிறியது தெரிந்தால் மற்றவை தெரிந்தே தீரும். புள்ளியை அளவுகோலாகக் கொண்டதற்கு ஏது இது.

புள்ளி சிறியதாயினும் அதன் அதிகாரம் சிறியதன்று. அது மறைந்தால் பல் வலி பல வலி ஆகும், அது நோயாளிக்கு உண்மையாகவும் படலாம். ஆனால் கல்வித்துறையின் சுற்றறிக்கையில் லகரத்தின் தலையிலுள்ள புள்ளி ஒன்று மங்கினால் விளையும் துறைக்கு அரசு இன்னும் செயலாளரை நியமிக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் மேல் உள்ள பொட்டு தெரியாமல் போனாலும் சொல் சொல்லாகவே இருக்கும். தமிழில் அகரம் ஒன்று கூடுதலாக ஒலித்து, சொல்லே வேறு வீட்டுக்குக் குடிபோய்விடும்.

எழுத்தைக் கூர்மையாக்கும் நுட்பங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பார் உளர். அவர்கள் சுட்டுவது பெரும்பாலும் கிளியர்டைப். மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்து, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு மக்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கவாட்டில் நிற்கும் மூன்று கீற்றுகளால் ஆனது. அவற்றைத் தனித்தனியே ஏற்றி இறக்கினால் குறுக்குவாட்டில் மும்மடங்கு நுணுக்கம் கிடைக்கும். அருமையான யோசனைதான், ஆனால் நுணுக்கம் கூடுவது குறுக்கே மட்டும். நெட்டுக்கோடுகள் நிறைந்த ஆங்கிலத்துக்கு அது போதும். நமது புள்ளியும் சுழியும் நிற்பதோ எழுத்தின் மேல்மாடியில். நெடுக்குவாட்டில் அந்நுட்பத்தின் பழைய வடிவம் எதையும் மிருதுவாக்கவில்லை, பின்னர் வந்த வடிவங்களில்தான் அது சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலத்தை முக்கோணமாக அடுக்கும் ஓஎல்இடி திரைகளில் இன்னொரு வேடிக்கை: கீற்றுகள் வரிசையாக நிற்கும் என்று நம்பி வரைந்த எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும். கிளியர்டைப் ட்யூனரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது அளவை மாற்றாது.

இனி எல்லாத் தடைகளிலும் வலியது. நம் முன்னோர் புள்ளியே இல்லாமல் படித்தார்களே, நமக்கு மட்டும் என்ன கேடு என்பது அது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரமும் ஒகரமும் குறிலா நெடிலா என்பதும் அப்படியே குழம்பிக் கிடந்து, வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வடிவத்தைத் திருத்தும் வரை நீடித்தது. அத்தகைய சுவடிகளைத்தான் உ.வே.சாமிநாதையர் படித்துப் பதிப்பித்தார். ஆகவே மங்கலான மானிட்டர் என்பது மரபுக்குத் திரும்புவதே என்று ஒருவர் வாதிடலாம். இது போலி வாதம். ஓலையில் இருந்தது பெரும்பாலும் செய்யுள். சீர் தட்டினால் புள்ளி இல்லை என்பது செவிக்குத் தெரியும். எதுகை இடறினால் படிப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதாவது யாப்பு, எழுத்து விட்டதை ஒலியால் ஈடுகட்டியது. அரசாணைக்கு எதுகை இல்லை. வங்கியின் கடன் ஒப்பந்தம் எந்தத் தளையிலும் அடங்காது, கடன் வாங்கியவரைத் தளையில் அடக்குவதைத் தவிர. உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து ஒப்பிட்டார் என்பதையும் மறக்கலாகாது. ஒரு மின்னஞ்சலைப் படிக்க அதன் பிரதிகளைத் தேடி யாரும் வண்டி கட்டமாட்டார்கள்.

அந்த முன்னோரே வேறொரு தடைக்கும் விடை வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும் என்று கருதிப் புதுத் திரையின் பிரைட்னஸை உச்சத்துக்கு ஏற்றுவோர் பலர். பல திரைகள் கடைக்கூடத்தின் விளக்குகளோடு போட்டியிடுவதற்கென அந்த உச்சத்திலேயே வந்து இறங்குகின்றன. புதிதாகக் கீறிய ஓலையிலும் எழுத்து தெரியாது. அப்போது அவர்கள் ஓலையை வெளுப்பாக்கவில்லை. கரியையும் இலைச்சாற்றையும் தடவிக் கீறலைக் கறுப்பாக்கினார்கள். பின்னணி கண்ணைக் கூசவைக்கும் அளவு ஒளிர்ந்தால் அதன் நடுவே ஒரு புள்ளியைத் தேடுவது கடினம் என்பதை மின்சாரம் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். திரையின் வெண்மை பக்கத்தில் வைத்த வெள்ளைத்தாளின் வெண்மையோடு ஒத்தால் போதும். ஷார்ப்னஸ் என்ற பட்டனை ஏற்றுவது இன்னும் மோசம்: எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் கட்டி, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெளியையே தின்றுவிடும். நீல முனை கொண்ட பழைய விஜிஏ கேபிளை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டுவோருக்கு இக்கட்டுரையில் பரிகாரம் இல்லை.

ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகுமே என்பார் மற்றொரு சாரார். ஆகும். குழாய்த் திரைக் காலத்தில் அது நியாயமான வழியும்கூட. அந்தத் திரைக்கு இன்ன பிக்சல்தான் என்ற கட்டு இல்லை. இன்றைய திரையில் பிக்சல்கள் உள்ளே நட்டு வைத்தவை. 82,94,400 பிக்சல்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, 1920க்கு 1080 என்று வைத்தால் நான்கு நான்காகக் கைகோத்து 20,73,600 பிக்சல்கள்போல நடியுங்கள் என்று கட்டளையிடுவதாகும். ஸ்கேலை ஏற்றினால் அப்படி அன்று. எழுத்து பெரிதாகும், அதன் வளைவுகளை வரையும் பிக்சல்களும் கூடும். சில பழைய மென்பொருள்கள் மட்டும் ஸ்கேலை அறியாமல், இழுத்து நீட்டிய படம்போல மங்கித் தெரியும் என்பது உண்மை. அந்த மென்பொருளின் ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் ஹை டிபிஐ பற்றிய அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் தவறு மென்பொருளுடையது, ஸ்கேலுடையது அன்று.

கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வோரும் பாதியளவே சரி. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கான கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு அளவெடுத்தது. திரை அதைவிடத் தள்ளி இருக்கிறது. இரட்டைக் கண்ணாடிக்காரர் படிக்கும் பகுதி கீழே இருப்பதால் மோவாயை உயர்த்தி, ஏதோ மேலதிகாரியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்ப்பார். புள்ளி அப்போது தெரியலாம். ஆனால் கழுத்தின் செலவில் தெரிவதை இக்கட்டுரை தெரிவாகக் கொள்ளாது. ஸ்டாண்டைத் தாழ்த்துவது இதற்குத் தீர்வு.

கடைசியாகக் கணக்குப் பிரிவினரின் தடை. எழுத்தைப் பெரிதாக்கினால் எக்செல்லில் தெரியும் பத்திகள் குறையும், பிறகு பெரிய திரை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 175இல் வைத்தாலும் 27 அங்குலத் திரையில் பழைய 24 அங்குலத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் இடம் இருக்கிறது. புள்ளியோ அதே பருமனில், மும்மடங்கு பிக்சல்களால் உருண்டு திரண்டு நிற்கிறது. கொடுத்த பணம் போன இடம் அதுதான். இதற்கும் அவர்கள் இணங்கமாட்டார்கள்; தங்களுக்கு வேண்டியது எண்களே, எண்களின் தலையில் புள்ளி கிடையாது என்பார்கள். தலையில் கிடையாது, காலடியில் உண்டு. கல்வித்துறையின் புள்ளி மங்கினால் நாலு பேர் சிரிப்பதோடு போகும். 12.50இல் உள்ள புள்ளி மங்கினால் தணிக்கையாளர் வருவார், அவர் சிரிக்கமாட்டார்.